தண்ணீருக்கும் சேர்த்து

மன்னார்க் கீரிக் கடற்கரையில் மாக்கிறட்டைத் தெரியாதவர்கள் இரண்டு வகை. ஒன்று, கருவாடே தின்னாதவர்கள். மற்றது, அவளிடம் ஒருமுறை கருவாடு வாங்கிவிட்டு, அதன் பிறகு தெரியாததுபோல் நடப்பவர்கள்.

அதற்காகக் கருவாட்டில் குற்றம் சொல்ல முடியாது. அவளுடைய கட்டாக் கருவாட்டைப் பொரித்தால் மணம் மூன்று வளவுக்குப் போகும். தொட்டுப் பார்த்தால் ஒரு மெதுமை இருக்கும். விசயமே அந்த மெதுமைதான். அதற்கு அவள் வைத்திருந்த பெயர் பதம். "கருவாடு எண்டாப் பதமா இருக்கவேணும். விறகு மாதிரி இருந்தா அடுப்புக்குள்ள வைக்கலாம், சட்டியில வைக்கேலாது" என்று வாங்க வருகிறவர்களுக்குச் சொல்லுவாள். பதம் எப்படி வருகிறது என்பதை அவள் ஒருவருக்கும் சொன்னதில்லை. சொல்லாமலே கடற்கரைக்குத் தெரியும். நன்றாக ஊறி நன்றாகக் காயவேண்டிய மீன் அரைகுறை வெயிலோடு பரணை விட்டு இறங்கும். விற்கப் போவதற்கு முதல்நாள் பின்னேரம் ஓலைப்பாயில் பரப்பி, உப்புத்தண்ணீரில் நனைத்த சாக்கால் மூடி, பனிக்கு விட்டுவிடுவாள். விடியும்போது கருவாடு குளித்து முழுகினதுபோல் குளுகுளுவென்று கிடக்கும். அப்படியே கொண்டுபோய்த் தராசில் வைப்பாள்.

இதை ஒரு பாவமென்று அவள் நினைத்ததே இல்லை. தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால் கோபம், எரிச்சல், பூசைக்குப் பிந்திப் போனது, பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிக் கதைத்தது என்று சாமியாருக்குக் கால் உளையும்வரை சொல்லுவாள். பனியைப் பற்றி மட்டும் வாய் திறக்கமாட்டாள். பனி ஆண்டவர் தருவது, அதை எப்படிப் பாவமென்று சொல்வது? அவள் பக்கத்தில் ஒரு நியாயமும் உண்டு. ஊருக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று அவள் வைத்ததில்லை. விற்ற கருவாடுதான் வீட்டுச் சட்டியிலும் பொரிந்தது. ஒரே மகள் பெற்றிசியா அதைத் தின்றுதான் வளர்ந்தாள்.

மாக்கிறட்டின் பதத்தை அதன் உண்மைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஒரே மனிதன் மன்னார்ப் பசாரில் இருந்த ஹுசைன். அவன் அப்போது கருவாட்டு வியாபாரி. கரையெல்லாம் சேர்த்து லொறியில் கொழும்புக்கு அனுப்புகிறவன். மாக்கிறட் கொண்டுவரும் கருவாட்டைத் தராசில் போடுவதற்கு முன் பெருவிரலால் ஒரு அமத்து அமத்துவான். விரல் நனையும். விரலை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டு, "தண்ணிக்கழிவு" என்று சொல்லி நிறையில் கொஞ்சத்தை வெட்டிவிடுவான். உடனே சண்டை தொடங்கும்.

"அது தண்ணி இல்லைத் தம்பி, பதம்!"

"சரி அக்கா. அப்ப பதக்கழிவு எண்டு போடுறன்."

எத்தனையோ வருடம் இந்தச் சண்டை ஒழுங்காக நடந்தது. பிறகு ஊர்ப் பிள்ளைகள் பாதிப்பேர் வெளிநாடுகளுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பின்னால் பனங்கட்டியும் மிளகாய்த்தூளும் மோதகத்துக்கு வறுத்த மாவும் போகத் தொடங்கின. ஹுசைன் கருவாட்டை விட்டுவிட்டுப் பொதி அனுப்பும் கடை போட்டான். பழைய தராசு போய்க் கண்ணாடி முகத்தில் சிவப்பு எழுத்து ஓடும் தராசு வந்தது. பழைய மணம் மட்டும் சுவரை விட்டுப் போகவில்லை.

அந்தக் கடைக்குத் தான் ஒருநாள் பொதிக்காரியாய்ப் போவேன் என்று மாக்கிறட் நினைக்கவில்லை. பெற்றிசியா கலியாணம் முடித்து ரொறன்ரோவில் இருந்தாள். முதற் பிள்ளை வயிற்றில். மசக்கை என்றால் அப்படி ஒரு மசக்கை. தண்ணீர் குடித்தாலும் சத்தி, உடனே வெளியே வந்துவிடும். வைபர் அழைப்பில் மாக்கிறட் அவள் முகத்தைப் பார்த்தாள். கன்னம் இரண்டும் உள்ளே போயிருந்தன.

போய்ப் பக்கத்தில் நிற்கலாமென்றால் விசா இல்லை என்றுவிட்டார்கள். திரும்பி வருவாள் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இல்லையாம். கடற்கரையில் கருவாடு காயப்போட்டுவிட்டு எந்த மனுசி கனடாவில் போய் நின்றுவிடுவாள் என்று மாக்கிறட் ஒரு கிழமை திட்டினாள். அவள் திட்டித் தீர்ப்பதற்குள் மருமகனின் தாய் கிறேஸ் அங்கே போய் இறங்கிவிட்டாள். யாழ்ப்பாணத்துக்காரி. நல்ல மனுசி, அமைதியான மனுசி, சமையலில் கெட்டிக்காரி. இந்த மூன்றும்தான் மாக்கிறட்டுக்குப் பிடிக்கவில்லை. தன் பிள்ளைக்கு இன்னொருத்தி கஞ்சி வைத்துக் கொடுக்கிறாள் என்ற நினைப்பு நெஞ்சில் முள்ளாய் நின்றது.

"மாமி எல்லாம் செய்து தாறா அம்மா. எனக்குத்தான் ஒண்டும் இறங்குதில்லை" என்றாள் பெற்றிசியா. பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "எங்கட கட்டாக் கருவாடு இருந்தா ரெண்டு வாய் சாப்பிடுவன் போல கிடக்கு."

மாக்கிறட்டுக்கு அது காதில் தேனாய் விழுந்தது. விசா கேட்காமல் கனடாவுக்குப் போகக்கூடிய ஒன்று தன் வீட்டுப் பரணில் தொங்குகிறது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கருவாடு போனால் தான் போனதுபோல். பிள்ளை தன் கையால் தின்றதுபோல். மறுநாளே நல்ல கருவாடாகத் தெரிந்து, வழக்கப்படி பனிக்கு விட்டு, ஓலைப்பையில் போட்டுக்கொண்டு ஓட்டோவில் ஏறினாள்.

கடைவாசலில் ஒரு கழுதை நின்றது. அதை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

"வாங்கோ அக்கா. நான் இப்ப கருவாடு எடுக்கிறேல்லையே" என்றான் ஹுசைன்.

"ஆர் உனக்கு விக்க வந்தது? கனடாவுக்கு அனுப்பவேணும். என்ர பிள்ளைக்கு."

ஹுசைன் தராசில் வைத்தான். சிவப்பு எழுத்து ஓடி நின்றது. அவன் கூலியைச் சொன்னான். மாக்கிறட் கதிரையில் இருந்துவிட்டாள்.

"என்னடா தம்பி, நான் கருவாட்டுக்கோ விலை கேட்டனான்?"

"கருவாட்டை விட அனுப்புக்கூலி கூடத்தான் அக்கா. எல்லாருக்கும் அப்பிடித்தான்."

"கனடா அவ்வளவு தூரமோ?"

"தூரத்தை விடுங்கோ. பாரத்தைப் பாருங்கோ."

"ஏன் விடவேணும்? இந்தா கிடக்கிற உயிலங்குளத்துக்குப் போற பஸ்ஸில ஒரு காசு, வவுனியாவுக்கு ஒரு காசு. தூரத்துக்குத்தானே காசு?"

"பொதிக்கு அப்பிடி இல்லை. இப்ப நீங்கள் இதை ராமேஸ்வரத்துக்கு அனுப்புறதெண்டா, கிலோவுக்குக் கனடாவை விடக் கூடத் தரவேணும்."

மாக்கிறட் அவனைச் சந்தேகத்தோடு பார்த்தாள். "தலைமன்னாரில நிண்டா ராமேஸ்வரத்து வெளிச்சம் தெரியும். என்ர மனுசன் வலை போடப் போனா அந்தப் பக்கத்துக் கோயில் பாட்டுக் கேட்டுப்போட்டு வருவார். ஆருக்குக் கதை விடுறாய்?"

"வெளிச்சம் கடலால வரும், பொதி வராது. அது கொழும்புக்குப் போய், விமானம் ஏறி, சென்னையில இறங்கி, ரயிலேறித் திரும்பவும் எங்கட பக்கம் பாத்து வரவேணும். அதோட, அங்க அனுப்பிற சனம் இல்லை. கனடாவுக்கெண்டாக் கிழமைக்கு ஒரு வான் நிறையப் போகுது. சனம் கூடினாத் தூரம் குறையும் அக்கா."

மாக்கிறட் இதைக் கொஞ்சநேரம் யோசித்தாள். "அப்ப என்ர பிள்ளை ராமேஸ்வரத்தை விடக் கிட்டவோ இருக்கிறாள்?"

"கூலிக் கணக்கில ஓம்."

காரணமில்லாமல் அவளுக்குக் கண் கலங்கியது. கலியாணம் முடித்துப் போன நாளிலிருந்து ஒருவரும் இப்படி ஆறுதலாய் ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் ஆறுதல் கூலியைக் குறைக்கவில்லை. கப்பலில் போட்டால் மலிவு என்றான் ஹுசைன். ஆனால் பிள்ளை பிறந்து, நடந்துவந்து, தானே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளும் என்றும் சொன்னான். தபாற்கந்தோரிலும் போய்க் கேட்டாள். அங்கேயும் தராசுதான் வைத்திருந்தார்கள். திரும்பி வந்தாள்.

ஹுசைன் கருவாட்டைக் கையில் எடுத்தான். பழக்கதோசம், பெருவிரல் தானாகவே அமத்தியது. விரல் நனைந்தது. இருவரும் அந்த விரலைப் பார்த்தார்கள்.

"அக்கா, கோவிக்காதேங்கோ. அரைக்கிலோ அரைக்கிலோவாக் கூலி ஏறும். இதில மூண்டில ஒரு பங்கு தண்ணி. கீரிக் கிணத்துத் தண்ணியை விமானத்தில ஏத்தி ரொறன்ரோவுக்கு அனுப்பப் போறீங்களோ? அங்க குழாயைத் திறந்தா வருமாம்."

'அது தண்ணி இல்லை, பதம்' என்று சொல்லத்தான் மாக்கிறட் வாயைத் திறந்தாள். ஆனால் விற்கும்போதெல்லாம் பதமாக இருந்தது, காசு கொடுக்கும் பக்கத்தில் நின்று பார்த்தபோது பச்சைத் தண்ணீராய்த் தெரிந்தது. ஓலைப்பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

புதிதாய் மீன் பிடித்துத்தான் செய்வேன் என்று நின்றாள். கணவன் பஸ்ரியன் கொண்டுவந்த கட்டாவில் நல்லதைத் தெரிந்து, பிளந்து, உப்பில் ஊறப்போட்டு, கச்சான் காற்றுக்கும் வெயிலுக்கும் நடுவில் பரணில் ஏற்றினாள். இந்த முறை அரைகுறையில் இறக்கவில்லை. காகம் கலைக்கக் கம்போடு தானே நின்றாள். மணிக்கொருதரம் புரட்டினாள். பொழுது சாய முன் உள்ளே எடுத்து, ஒரு சொட்டுப் பனி படாமல் மூடிவைத்தாள். பனியை ஆண்டவர் தந்தாலும் வேண்டாம் என்று சொல்லும் நிலைமை வந்துவிட்டது.

பஸ்ரியன் அதிகம் பேசாத மனிதன். கடலில் பேச ஆள் இல்லாமல் பழகியவன். அவனுக்கே பொறுக்கவில்லை.

"ஆருக்கு இந்தத் தண்டனை? மீனுக்கோ உனக்கோ?"

"சும்மா இருங்கோ. பாரம் குறையவேணும்."

ஒவ்வொரு பின்னேரமும் பழைய தராசில் வைத்துப் பார்த்தாள். நிறை இறங்கிக்கொண்டே போனது. முதலில் சந்தோசமாக இருந்தது. பிறகு கொஞ்சம் பயமாக இருந்தது. தட்டு நிறையக் கிடந்த மீன் தட்டின் நடுவுக்குச் சுருங்கிவிட்டது. 'இவ்வளவுதானோ என்ர மீன்?' என்று நினைத்தாள். ஏன் நினைத்தோம் என்றாகிவிட்டது. இத்தனை காலமும் அவளிடம் வாங்கிக்கொண்டு போன முகங்கள் ஒவ்வொன்றாய் வந்து தராசைச் சுற்றி நின்றன. 'எல்லாரும் சிரிச்சுக்கொண்டுதானே போனவை' என்று சொல்லி அவர்களைக் கலைத்துவிட்டாள். காகத்தைக் கலைப்பதைவிட அது கடினமாக இருந்தது.

பஸ்ரியன் ஒரு கருவாட்டை எடுத்துச் சுவரில் தட்டினான். டொக்கென்று கேட்டது.

"இவ்வளவு தண்ணியோ இருந்தது?" என்றான்.

"உப்பும் இருந்தது" என்றாள் மாக்கிறட், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

இரண்டாம் முறை கடைக்குப் போனபோது நிமிர்ந்து நடந்தாள். ஹுசைன் பெருவிரலால் அமத்தினான். விரல் நனையவில்லை, நொந்தது. "மாஷா அல்லாஹ்! அக்கா, இது நீங்கள் செய்ததோ?" என்று உண்மையாகவே வியந்தான். தராசின் சிவப்பு எழுத்து அவள் ஆசைப்பட்ட இடத்தில் வந்து நின்றது. மாக்கிறட்டுக்கு அந்த எழுத்தைக் கொஞ்சவேண்டும் போலிருந்தது.

"போடு பெட்டியில" என்றாள்.

அங்கேதான் வந்தது வினை. கருவாடு மடியவில்லை. பதமான கருவாடென்றால் சுருட்டிச் செருப்புப் பெட்டிக்குள் வைக்கலாம். இது பலகை. ஒன்றை மடிக்கப் பார்த்த ஹுசைனின் கையைச் செதில் கீறியது. உள்ளதில் நீளமான பெட்டியைத் தேடி எடுத்து வைத்தான். நாடாவை எடுத்து நீளம், அகலம், உயரம் என்று அளந்தான். கணக்குப் போட்டான். பழைய கூலியைவிடக் கூடச் சொன்னான்.

"தராசில குறைஞ்சதெண்டு சொன்னாய்!"

"தராசில குறைவுதான். ஆனா பெட்டி பெரிசு. விமானத்தில பெட்டி பிடிக்கிற இடத்தையும் கிலோவாக் கணக்குப் பாப்பினம். ரெண்டில எது கூடவோ அதுக்குத்தான் காசு."

"பெட்டிக்குள்ள மிச்ச இடத்தில என்ன இருக்கு?"

"காத்து."

"காத்துக்கும் காசோ?" மாக்கிறட்டின் சத்தத்தில் வாசலில் நின்ற கழுதை காதைத் திருப்பியது. "எந்த ஊர் நியாயம் இது? காத்தை நிறுத்துக் காசு வாங்கிற சனத்தை நான் இண்டைக்குத்தான் பாக்கிறன்!"

ஹுசைன் சிரிப்பை அடக்கிக்கொண்டு மெதுவாய்ச் சொன்னான்: "தண்ணியை நிறுத்துக் காசு வாங்கினவையும் இருக்கினம்தானே அக்கா."

வேறு நாளென்றால் இந்த ஒரு சொல்லுக்குப் பசாரே கூடியிருக்கும். அன்று பேச வந்த காரியம் அதுவல்ல. பிள்ளை அங்கே பட்டினி.

ஒரே வழிதான் இருந்தது. பக்கத்துத் தச்சுப் பட்டறையில் ஹுசைன் கைவாள் வாங்கிவந்தான். முழுக் கருவாட்டை வெட்டுவது மாக்கிறட்டுக்கு உயிரை வெட்டுவதுபோல். முழுதாய் விரித்து அனுப்பினால்தான் அது கருவாடு. துண்டு துண்டாய்ப் போனால் வித்து மிஞ்சின கழிசல் என்றுதான் கிறேஸ் நினைப்பாள். அதை நினைக்க அழுகை வந்தது. ஹுசைன் அறுத்தான், அவள் பிடித்தாள். கருவாட்டுத்தூள் மரத்தூளாய்ப் பறந்து இருவர் தலையிலும் விழுந்தது. பசார்ப் பூனைகள் முழுக்க வாசலில் வந்து குந்தின.

துண்டுகளைப் பிளாஸ்ரிக் பையில் போட்டு, காற்றை இழுக்கும் மெசினில் வைத்தான். பை சுருண்டு கருவாட்டோடு ஒட்டிக்கொண்டது.

"தண்ணியும் போச்சு, காத்தும் போச்சு" என்றாள் மாக்கிறட். "இனி என்ர பிள்ளைக்கு என்னதான் போகுது?"

"கருவாடு" என்றான் ஹுசைன்.

கடைசியாய்த் தராசில் வைத்தபோது எழுத்து அடுத்த அரைக்கிலோக் கோட்டை ஒரு மயிரிழை தாண்டி நின்றது. ஹுசைன் பெட்டியைத் திரும்பத் திறந்தான். பைகளுக்கு நடுவில் சின்னத் துணி முடிச்சு ஒன்று இருந்தது. சுகப்பிரசவத்துக்கென்று மாக்கிறட் ஒளித்து வைத்த அந்தோனியார் பதக்கம். "இதை எடுத்தாச் சரி. இல்லாட்டி ஒரு துண்டு கருவாட்டை எடுக்கவேணும்" என்றான்.

மாக்கிறட் பதக்கத்தைப் பார்த்தாள், கருவாட்டைப் பார்த்தாள். பதக்கத்தை உதட்டில் வைத்து முத்தி செய்து மடியில் முடிந்துகொண்டாள். காணாமற்போனதையெல்லாம் தேடிக் கொடுக்கிற புனிதர், கனடாவுக்கு வழி அவருக்குத் தெரியாமலா இருக்கும்? கூலியில்லாமலே போய்ச் சேருவார் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

பொதி போய்ச் சேரும்வரை அவள் சரியாய்ச் சாப்பிடவில்லை. கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினாள். பிள்ளை ஒரு பிடி சோறு தின்றால் போதும், வேறொன்றும் கேட்கமாட்டேன் என்று நேர்ந்தாள். வைபர் அடித்த அன்று கை ஈரத்தோடே தொலைபேசியை எடுத்தாள். திரையில் பெற்றிசியாவின் முகம். கொஞ்சம் தெளிந்திருந்தது.

"அம்மா, பொதி முந்தநாள் வந்திட்டுது."

"சாப்பிட்டியோ பிள்ளை?"

"மாமி உடனயே பொரிச்சுத் தந்தவ. நல்ல சாமான் அம்மா. ஒரு பழுது இல்லை, ஒரு மண் இல்லை, வடிவாக் காய்ஞ்சிருந்தது..." பெற்றிசியா கொஞ்சம் தயங்கினாள். "ஆரிட்ட வாங்கினீங்கள்?"

மாக்கிறட்டுக்குக் கேள்வி விளங்கவில்லை. விளங்கியபோது பக்கத்தில் இருந்த பஸ்ரியனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னடி கேக்கிறாய்? நான் செய்தது. என்ர கையால. காகம் கலைச்சு, வெயிலில நிண்டு..."

"கோவிக்காதேங்கோ அம்மா. எங்கட கருவாடு மெத்தெண்டு இருக்குமே. கடிக்கேக்க உள்ளுக்க ஒரு ஈரம், ஒரு மணம். இது கொழும்புக் கடையில விக்கிறது மாதிரி இருந்தது. வாயில வைச்சன், சத்தி வந்திட்டுது. நான் அழுதுபோட்டன். அம்மாவுக்கு ஏலாமப் போச்சு, ஆரிட்டயோ காசு குடுத்து வாங்கி அனுப்பியிருக்கிறா எண்டு."

மாக்கிறட் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, ஒரு சொட்டுக் கலப்படமில்லாமல், ஊரே மெச்சக்கூடிய கருவாடு செய்தாள். அதைத் தன் பிள்ளை அடையாளம் காணவில்லை. பிள்ளை தேடியது அந்தத் தண்ணீரை.

திரையில் கிறேஸின் முகம் வந்தது. அவளுக்கு எல்லாவற்றையும் சமாதானமாக்கிவிடும் முகம்.

"சம்பந்தி, மனம் நோகாதேங்கோ. இப்ப சாப்பிடுறாள். நான் ஒரு வேலை செய்தனான். எங்கட பக்கத்துச் சந்தையில முந்தி ஒரு கருவாட்டுக்காரி இருந்தவ. நிறை கூட்டிறதுக்காக உப்புத்தண்ணியில சாக்கை நனைச்சு மூடி வைப்பாவாம். களவுதான், ஆனா கருவாடு மெத்தெண்டு வரும். அது ஞாபகம் வந்தது. மிச்சத் துண்டுகளை நனைச்ச சீலையால சுத்தி, குளிர்பெட்டியில ஒரு ராத்திரி வைச்சன். காலமை பொரிச்சுக் குடுத்தா, கோப்பை வழிச்சுச் சாப்பிடுறாள்!"

"ஓம் அம்மா!" என்று பின்னாலிருந்து பெற்றிசியா கத்தினாள். "அப்பதான் உங்கட கை மணந்தது!"

"அப்பிடியும் செய்யிற சனம் இருக்கினமோ" என்று மெல்லச் சொன்னாள் மாக்கிறட். வேறென்ன சொல்வது? பஸ்ரியன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிள்ளை சாப்பிடுகிறாள். நேர்ந்தது நிறைவேறிவிட்டது. சந்தோசப்படவேண்டும், சந்தோசம்தான் பட்டாள். ஆனால் அன்று முழுக்க ஒரு நினைப்பு அவளை விடவில்லை. தன் கைமணம் என்று பிள்ளை சொன்னது ரொறன்ரோக் குழாயில் வந்த தண்ணீர். அதை ஊற்றினவள் கிறேஸ். மிச்சம் பிடித்த கூலியெல்லாம் சேர்ந்து, தாயின் இடத்தைக் கிறேஸுக்குச் சும்மா கொடுத்ததாய் முடிந்தது.

அடுத்த பொதி போனது பிறகு கொஞ்சநாளில். ஹுசைன் பையைத் திறந்தான். மாக்கிறட் முழுக் கருவாடுகளாய்ச் சுருட்டி வைத்திருந்தாள். பெருவிரலால் அமத்தினான். விரல் நனைந்தது.

"என்ன அக்கா, பழையபடி பதமோ?"

"இல்லை" என்றாள் மாக்கிறட். "தண்ணி."

ஹுசைன் நிமிர்ந்து பார்த்தான். இத்தனை வருடப் பழக்கத்தில் தன் பதத்தை அவள் தண்ணீரென்று ஒத்துக்கொண்டு அவன் கேட்டதில்லை.

"வழியில பூஞ்சணம் பிடிச்சிடும் அக்கா."

"உப்புக் கூடப் போட்டிருக்கிறன். காத்தை இழுத்து அடை. பிடிக்காது."

"உப்பும் பாரம், தண்ணியும் பாரம். ஏன் காசைக் கடலில போடுறீங்கள்? அங்க குழாயைத் திறந்தா..."

"அங்கத்தைத் தண்ணி அங்கத்தைச் சனத்துக்கு. நீ நிறு."

மடியிலிருந்து அந்தோனியார் பதக்கத்தையும் எடுத்துப் பெட்டிக்குள் வைத்தாள். சிவப்பு எழுத்து ஓடிப் போய் மேலே நின்றது. ஹுசைனுக்கே பாவமாக இருந்தது. எழுத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு விரலைச் சாரத்தில் துடைத்தான்.

"சரி அக்கா. பழைய பழக்கத்துக்கு, என்ர பங்கில கொஞ்சம் குறைக்கிறன். தண்ணிக்கழிவு எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ."

மாக்கிறட் சேலைத் தலைப்பு முடிச்சை அவிழ்த்துக் காசை மேசையில் வைத்தாள். முழுக் கூலியும் இருந்தது.

"கழிவு ஒண்டும் விடாத தம்பி" என்றாள். "நான் தண்ணிக்கெண்டு சனத்துக்கு எப்பவாவது விட்டனானோ?"

ஹுசைன் முழு நிறைக்கும் பற்றுச்சீட்டு எழுதினான்.